எமரன்சியாவின் லாக்ரிமல்

திருச்சி பாலக்கரையில், மெழுகுவத்திக்காரத் தெருவில், பதினேழாம் நம்பர் வீட்டு எமரன்சியாவின் கண்ணீர் அவள் கண்ணை விட்டுவிட்டு அடுத்தவர் கண் வழியாக வர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது அவள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அரைக் கிலோ உரித்தும் அவள் கண் அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்க, எதிர் வரிசையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிற முத்துக்காளை, நாற்பத்திரண்டு வயது மீசைக்காரன், ஒரு போலீஸ்காரரின் காக்கிச் சட்டை மேல் பொலபொலவென்று கண்ணீர் விட்டான். சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை மிச்சம் என்றுதான் முதலில் நினைத்தான், பிறகுதான் பயந்தான்.

அடுத்த நாலு நாளில் தெருவே நனைந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே அழுதான், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு சபாபதி சார் பேப்பரில் மணமகள் தேவை விளம்பரம் படித்துக்கொண்டே அழுதார், டயர் ரீட்ரெடிங் கடை சுக்கூர் பாய் ஒரு லாரி டிரைவரிடம் சண்டை போட்டுக்கொண்டே அழுதார், டிரைவர் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். மெட்ராஸ் ஐ என்றது ஒரு கட்சி, முனையில் தோண்டிப் போட்ட சாக்கடையின் வாயு என்றது இன்னொரு கட்சி. மாநகராட்சியிலிருந்து வந்து கொசுப்புகை அடித்துவிட்டுப் போனார்கள், எந்த வியாதிக்கும் அவர்கள் கைவசம் இருக்கிற மருந்து அது ஒன்றுதான். இதென்ன அதிசயம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்பதே தெரியாமல் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவர்கள், கண்ணில் வருகிற தண்ணீருக்குப் போய் விளக்கம் கேட்பார்களா?

அது யாருடைய கண்ணீர் என்று கண்டுபிடித்தவனும் முத்துக்காளைதான். சனிக்கிழமை மத்தியானம் அவன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து பதினேழாம் நம்பர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எமரன்சிக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"தப்பா இருந்தா நினைப்பேன். கேளு."

"நம்ம தனிஸ்லாஸ் அண்ணன் குளிச்சிட்டு வந்து ஈரத்துண்ட கட்டில் மேல போடுவாரா?"

எமரன்சியா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. அழுக வரும்போதெல்லாம், ஈரத்துண்ட மெத்தையில போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றதுன்னு வாயில வருது. எனக்கு ஏதுக்கா மெத்தை? நான் படுக்கறது பாயில."

அவள் புருஷன் தனிஸ்லாஸ் செத்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டிய மனுஷன், ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து, வழக்கப்படி துண்டை மெத்தையில் போட்டுவிட்டு, சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்த நிலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எமரன்சியா அன்றைக்கு அழவில்லை. எங்கே நேரம்? பந்தல்காரனுக்குப் போன் பண்ண வேண்டும், சவப்பெட்டி சொல்ல வேண்டும், கல்லறையில் இடம் கேட்க வேண்டும், வந்தவர்களுக்குக் காபி போக வேண்டும், மயக்கம் போட்ட நாத்தனார்களை வரிசையாகப் படுக்கவைக்க வேண்டும். கான்வென்டில் படித்த எட்டு வருஷமும் சிஸ்டர்கள் ஸ்கேலால் உள்ளங்கையில் போட்டபோது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றே பழகியவள் அவள். பந்தல் வாசலில் யாரோ ஒருத்தி, "பாரேன், புருஷன் போயிட்டான், இவ சேர் எண்ணிக்கிட்டு நிக்கிறா" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். நூற்றிருபது சேரில் நாலு குறைந்தது.

அந்த ஈரத்துண்டு விஷயத்தை அவள் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. ஆக, தெருவில் ஓடுவது அவளுடைய கண்ணீர்தான் என்பதில் சந்தேகமில்லாமல் போயிற்று.

பக்கத்து வீட்டு ஹபீபா, சுக்கூர் பாயின் சம்சாரம், எமரன்சியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், திங்கட்கிழமையே அவளை ஆட்டோவில் ஏற்றிக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் வனிதாமணி சின்னப்பெண், மேஜையில் பிளாஸ்டிக் கண் ஒன்றைப் பிரித்து வைத்துப் பாடம் எடுத்தாள். லாக்ரிமல் என்றால் கண்ணீர் சம்பந்தப்பட்டது. லாக்ரிமல் சுரப்பி புருவத்துக்குக் கீழே, வெளி ஓரத்தில், பாதாம் பருப்பளவு, அங்கேதான் ஊறுகிறது. கண்ணைக் கழுவிவிட்டு மூக்கோரத்து மூலைக்கு வந்து, ஊசி முனையளவு இரண்டு ஓட்டையில் இறங்கி, லாக்ரிமல் பையில் தேங்கி, லாக்ரிமல் எலும்பை ஒட்டினாற்போல் நாளம் வழியாக மூக்குக்குள் போகிறது. அந்த எலும்பு முகத்திலேயே சின்னது, சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"அதனாலதான் ஆன்ட்டி அழுதா மூக்கு ஒழுகுது."

"அது தெரியும். பயாலஜியில நான்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட். என்னோடது எங்க போகுதுன்னு சொல்லு."

டாக்டர் அவள் கண்மூலை ஓட்டையில் மெல்லிய குழாயை வைத்து உப்புத்தண்ணீரைச் செலுத்தினாள். அடைப்பு இல்லாவிட்டால் தொண்டையில் உப்புக் கரிக்க வேண்டும், அதுதான் பரிசோதனை.

"உப்பு தெரியுதா ஆன்ட்டி?"

"தெரியல."

"இப்ப?"

"ம்ஹூம்."

"எனக்குத் தெரியுது டாக்டர்," என்றாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஹபீபா, தொண்டையைப் பிடித்துக்கொண்டு. "கடல் தண்ணி மாதிரி கரிக்குது. கொஞ்சம் நிறுத்துங்களேன்."

டாக்டர் நிறுத்தினாள். பேனாவை எடுத்து, அடைப்பு என்று எழுதுகிற இடத்தில் 'இல்லை' என்றும், வடிகால் என்கிற இடத்தில் 'அக்கம்பக்கம்' என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சின்ன ஆபரேஷனில் புது வழி வெட்டிவிடலாம், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் தெருவுக்குள் குடிவந்துவிட்டது. லாக்ரிமல் என்பதை யாரும் திக்கித் திணறிச் சொல்லவில்லை, பிறந்ததிலிருந்து சொல்லிவந்த மாதிரிச் சொன்னார்கள். டீக்கடையில் ஒருவன் கண்ணைத் துடைத்தால், "என்ன மாமா, லாக்ரிமலா?" என்று கேட்டார்கள், "ஆமாப்பா, காலையிலேருந்து" என்று அவன் டீயை ஆற்றினான். "உங்க வீட்டுக்கு லாக்ரிமல் வந்துச்சா? எங்களுக்கு ரெண்டு நாளா இல்லையே" என்று குழாயடியில் பெண்கள் விசாரித்துக்கொண்டார்கள். சபாபதி சாரின் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எழுதிய லீவ் லெட்டரில், எனக்கு நேற்று லாக்ரிமல் இருந்தபடியால் என்று எழுதினாள்; மிஸ் ஒரு நாள் லீவ் கொடுத்து, கீழே 'கெட் வெல் சூன்' என்றும் எழுதி அனுப்பினாள்.

எமரன்சியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "லாக்ரிமல் சுரப்பின்னு சொல்லுங்க, லாக்ரிமல் பைன்னு சொல்லுங்க. லாக்ரிமல் வந்துச்சு போச்சுன்னா என்ன அர்த்தம்? கறுப்பான வந்துச்சு, நீளமான போச்சுன்னு சொல்வீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்தாள். சபாபதி சார் பொறுமையாக, "ரயில்வேயில நாப்பது வருஷம் இங்கிலீஷ் வார்த்தையைத்தாம்மா ஓட்டினோம். எதுவும் அர்த்தம் தெரிஞ்சு ஓடல, போய்ச் சேர்ந்துச்சு, அவ்வளவுதான்" என்றார்.

தெருவும் கண்ணீரைச் சுற்றித் தன் வேலைகளை மாற்றிக்கொண்டது. எமரன்சியா வெங்காயம் உரிக்கிற நேரம் பத்தரை என்பதால் பத்தேகால் மணிக்கே முத்துக்காளை பட்டுப்புடவைகளை ஓரமாக எடுத்துவைத்துவிட்டுப் பருத்திச் சட்டைகளை எடுத்தான், தெளிக்கிற தண்ணீர் பாட்டிலை அந்த அரைமணி நேரம் தொடவே மாட்டான். டிவியில் மருமகள் விஷம் குடிக்கிற சீரியல் ஓடும் நாட்களில் அதைப் பார்க்க வேண்டாம் என்று எமரன்சியாவுக்கு ஆறு வீட்டுக்காரர்களும், கட்டாயம் பார்க்கச் சொல்லி ஒன்பது வீட்டுக்காரர்களும் சொல்லியனுப்பினார்கள். அவள் சேனலை மாற்றிச் சமையல் நிகழ்ச்சி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் வேடிக்கை. பங்குச்சாமியார் பிரசங்கம் நீண்டால் எமரன்சியாவுக்குக் கொட்டாவி வரும், கொட்டாவி வந்தால் கண்ணீரும் வரும், அது முன்வரிசை ஆண்கள் கண் வழியாக இறங்கும். தம்முடைய பிரசங்கம் கேட்டு இத்தனை பேர் உருகுகிறார்களே என்று சாமியார் மனம் பூரித்து இன்னும் இருபது நிமிஷம் நீட்டுவார், அவள் இன்னும் ஏழெட்டுக் கொட்டாவி விடுவாள், முன்வரிசை தாரை தாரையாக அழும், சாமியார் பீடத்தைப் பிடித்துக்கொண்டு தாமும் தழுதழுப்பார். பூசை முடிய பதினொன்றரை ஆகிவிடும். யார் வீட்டு இட்லி யாருக்காகக் காத்திருக்கும்?

இப்படியே மூன்று மாதம் போனது. எமரன்சியா ஒன்றைக் கவனித்தாள், சொல்லாமல் வைத்திருந்தாள்: தெருவில் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம் வந்தது, வந்தவர்கள் யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை. அழுது முடித்து முகம் கழுவி வருகிற ஆண்பிள்ளைகள் சாணை பிடித்த கத்தி மாதிரிப் பளிச்சென்று இருந்தார்கள். பெண்டாட்டியிடம் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். கேட்டால், "எனக்கென்ன தெரியும், எமரன்சி அக்காவோடது" என்று கையை விரித்தார்கள்.

இதற்குள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. லினெட், ஒரே பெண், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு ஊர் புள்ளம்பாடி, காவிரியும் கொள்ளிடமும் தாண்டிப் போக வேண்டும். கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவும் மகளும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க டெய்லர் கடைக்குப் போனார்கள். கைக்குப் பஃப் வைப்பதா வேண்டாமா என்று தொடங்கிய சண்டை, தனிஸ்லாஸ் ஒருமுறை கல்யாண நாளுக்கு வாங்கிவந்த மஞ்சள் புடவையில் எமரன்சியா டாக்சி மாதிரி இருந்த கதைக்குப் போய், இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்து, டெய்லர் தண்ணீர் கொடுக்க, திரும்பி வரும்போது சாயங்காலம் நாலரை.

தெருமுனையில் சுக்கூர் பாய் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு ரொம்ப மனக்கஷ்டமா? மத்தியானம் பூரா எனக்கு லாக்ரிமல். டீக்கடையில மட்டும் பதினோரு பேரு."

"மத்தியானமா? எத்தனை மணிக்கு?"

"மூணுலேருந்து நாலு."

மூன்றிலிருந்து நாலு வரை எமரன்சியா டெய்லர் கடை ஸ்டூலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். லினெட் வாயைத் திறக்கப்போக, எமரன்சியா அவள் கையைக் கிள்ளினாள். வீட்டுக்குள் போய்ப் பையைப் போட்டதும் பின்கதவு வழியாக ஹபீபாவைக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டு மனுஷன் பொய் சொல்றாருடி. நான் அழவே இல்ல. என் பேரைச் சொல்லிட்டு ஊரே அழுதிருக்கு. என்ன திமிரு!"

ஹபீபா சிரிக்கவில்லை. கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டே, "இன்னிக்கு எங்க மாமனார் இறந்த நாள்," என்றாள். "அன்னிக்குக் கடையைப் பூட்டிட்டுப் போய் அடக்கம் பண்ணிட்டு வந்து மறுபடி கடையைத் திறந்தவரு அவரு. இந்த மூணு மாசத்துக்கு முந்தி, முப்பது வருஷத்துல கண்ணுல ஈரம் பார்த்ததில்ல நான். உன் பேரைச் சொல்லித்தான் அழறாருன்னா சொல்லிட்டுப் போகட்டுமே. உன் பேரு என்ன தேய்ஞ்சா போயிடும்?"

எமரன்சியா பின்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். பதில் சொல்லாமல் அவள் ஓர் இடத்தை விட்டு நகர்ந்தது ஹபீபாவுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே, புடவைப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு லினெட் ஒரு காரியம் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு நீ அழலைன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. ஆனா நான் கிளம்பற அன்னிக்கு நீ அழணும். நீயே. உன் கண்ணால. நீ சிலுவை போடும்போது அயர்ன்காரண்ணன் அழுதிட்டு, நீ பக்கத்துல முழிச்சிட்டு நின்னா எனக்கு எப்படிம்மா இருக்கும்? நீ என்னை அனுப்பின மாதிரியே இருக்காதே."

"அழறதுக்குமாடி ஆர்டர் போடுவ?"

"ஆமா. போடறேன்."

கல்யாணத்தன்று காலை, வீட்டை விட்டுக் கோயிலுக்குக் கிளம்பும் முன் பெண்ணின் நெற்றியில் பெற்றவள் சிலுவை வரைந்து அனுப்புவது அந்தத் தெரு வழக்கம்; அப்போது அழாத தாயை அந்தத் தெரு பார்த்ததில்லை. எமரன்சியாவுக்கு இதுவரை ஊர் சொன்னது எதுவும் தைத்ததில்லை, இது தைத்தது. ஒரே ஒரு காலை, அவளுடைய கண்ணீர் அவளுடைய கன்னத்தில் இறங்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அவள் டாக்டருக்குப் போன் பண்ணித் தேதி கேட்டாள்.

கேட்டது எப்படித் தெரிந்ததோ, இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தெருவிலிருந்து ஒரு தூது வந்தது. முன்னால் சபாபதி சார், பின்னால் சுக்கூர் பாய், அதற்குப் பின்னால் முத்துக்காளையும் கேஸ்காரனும், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி. நாலு பேரும் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"ஆபரேஷன் நல்லதுதாம்மா," என்று சபாபதி சார் ஆரம்பித்தார். "அவசரம் என்னன்னுதான்."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் அழணுமா வேணாமா சார்?"

"அழணும், அழணும். அதான் நாங்க இருக்கோமே," என்றான் முத்துக்காளை.

"நீ சும்மா இரு."

சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் சம்சாரம் போய் ஆறு வருஷம்மா. அன்னிக்கு என் தம்பி காதுல வந்து சொன்னான், நீங்க அழுதா பிள்ளைங்க உடைஞ்சிடுவாங்கண்ணேன்னு. சரின்னு நிறுத்தினேன். அப்புறம் ஆரம்பிக்க ஒரு சந்தர்ப்பமே வரல. பிள்ளைங்க பெரிசாயிட்டாங்க, திடீர்னு ஒரு நாள் உட்கார்ந்து அழுதா டாக்டர்கிட்ட இல்ல கூட்டிட்டுப் போவாங்க? உங்களோடது வந்துதான், கூட்டத்தோட கூட்டமா என்னோடதும் கொஞ்சம் போச்சு."

"நமக்கெல்லாம் பழக்கம் கிடையாது தங்கச்சி," என்றார் சுக்கூர் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு. "சொந்தப் பேருல அழ கூச்சமா இருக்கு."

எமரன்சியாவின் நாக்கில் நாலைந்து நல்ல வார்த்தைகள் தயாராக இருந்தன. மீசை வைக்கக் கூச்சமில்லை, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கக் கூச்சமில்லை, இதற்கு மட்டும் கூச்சமா என்பது அதில் முதலாவது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "காபி ஆறுது. குடிங்க" என்றாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவள் ஆபரேஷன் பண்ணிக்கொண்டாள். தெருவுக்குச் சைனஸ் என்று சொன்னாள். மூக்கு வழியாகவே செய்ததால் வெளியே தழும்பு இல்லை, ஹபீபாவுக்கும் லினெட்டுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சுண்டுவிரல் நகத்தளவு எலும்பில் சின்னதாக ஒரு வாசல் வெட்டி, கண்ணீர்ப்பையை மூக்கோடு சேர்த்தாள் டாக்டர் வனிதாமணி. பத்து நாள் கழித்து மறுபடி உப்புத்தண்ணீர் பரிசோதனை. ஹபீபா முன்ஜாக்கிரதையாக வராந்தாவில் போய் நின்றுகொண்டாள்.

"உப்பு தெரியுதா ஆன்ட்டி?"

எமரன்சியா சப்புக்கொட்டினாள். "தெரியுது. கொஞ்சம் தூக்கலா இருக்கு."

இனித் தெரு காய்ந்துபோகும், அதைப் பார்க்க நேருமே என்று உள்ளுக்குள் சங்கடப்பட்டுக்கொண்டுதான் அவள் வீடு திரும்பினாள். காயவில்லை. ஒரு சொட்டும் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க, கேஸ்காரன் மதுரைக்குக் கட்டிக்கொடுத்த தன் தங்கையை நினைத்து அழுதுவிட்டு, "எமரன்சி அக்காவுக்கு மகளை அனுப்பற கவலை, பாவம், எனக்கு இறங்குது" என்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனான். சுக்கூர் பாய் தினமும் மூன்று மணிக்குக் கடையில் கதவைச் சாத்திக்கொண்டார். எமரன்சியா அத்தனையையும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கினால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாண நாள் விடிந்தது. எட்டரை மணிக்கு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பெண்ணை அழைத்துப் போகப் பூச்சரம் சுற்றிய காரில் வந்து இறங்கினார்கள். அப்பா மரியசேவியர், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், இரும்புக் கம்பியை விழுங்கின மாதிரி நிற்கிறவர், சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்த முகம். வாசல் பந்தலில் தெரு மொத்தமும் நின்றது. ஆண்கள் எல்லாரும் தயாராக வந்திருந்தார்கள், முத்துக்காளை தன் கையாலேயே தேய்த்த சட்டையில், சபாபதி சார் நாலு கைக்குட்டையோடு. லினெட் வெள்ளைப் பட்டில், தலையில் நெட் முக்காட்டோடு, அம்மா முன்னால் முழங்கால் போட்டாள்.

எமரன்சியா அவள் நெற்றியில் பெருவிரலை வைத்தாள். மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். இடமிருந்து வலமாக இன்னொரு கோடு இழுக்கும்போது அந்த நெற்றியில் தனிஸ்லாஸின் நெற்றி தெரிந்தது, அதே மேடு, அதே இடத்தில் சின்னச் சுழி, அவ்வளவுதான், புது வாசல் திறந்துகொண்டது. இரண்டு வருஷமும் ஏழு மாதமும் காத்திருந்தது வரிசை கலைந்து ஒன்றாக வந்தது, கன்னத்தில் வந்தது, தாடையில் வந்தது, மூக்கு ஒழுகியது, தொண்டை கரித்தது. கான்வென்டில் படித்த எமரன்சியா பட்டுப்புடவைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினாள். "அம்மா," என்று லினெட் அவளை இடுப்போடு கட்டிக்கொண்டாள், "அம்மா, போதும்மா," என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

பந்தலில் சத்தம் நின்றது.

எமரன்சியாவின் கண்ணீர் எமரன்சியாவின் முகத்தில் ஓடியது. அதை எல்லாரும் பார்த்தார்கள். அப்படியானால், இந்தப் பக்கம் வரிசையாக அழுதுகொண்டு நிற்கிற பதினைந்து ஆண்பிள்ளைகளின் முகத்தில் ஓடுவது யாருடையது? பெண்கள் மெதுவாகத் திரும்பினார்கள். சுக்கூர் பாய் கைக்குட்டையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் வாயைத் துடைத்தார். சபாபதி சார் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். முத்துக்காளை மீசை நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அதை உள்ளே இழுக்கவும் முடியாமல் கீழே விடவும் முடியாமல், அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் மாங்காயோடு பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

"இவங்கல்லாம் யாரு சம்மந்தி?" என்று மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஏன் அழறாங்க?"

எமரன்சியா தலைநிமிர்ந்தாள். பதினைந்து முகங்களும் அவளையே பார்த்தன. அவளுக்கென்று அவள் கேட்டிருந்த ஒரே காலை அது, அவளுடைய கண்ணீர் அவளுடையது என்று ஊரறிய நிற்க வேண்டிய காலை. மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு, டாக்டருக்கே பாடம் எடுக்கிற குரலில் சொன்னாள்.

"அதுவா, லாக்ரிமல் சம்மந்தி. எனக்குக் கண்ணீர் நாளத்துல ஒரு கோளாறு. ஆபரேஷன் பண்ணியாச்சு, ஆனாலும் ஒழுகுது. பாதி இங்க வரும், பாதி அங்க போகும். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, அத்தனையும் என்னோடதுதான். ஆயுசுக்கும் இப்படித்தான் இருக்குமாம், டாக்டர் எழுதியே குடுத்திருக்கா."

முத்துக்காளையின் மீசைச் சொட்டு கீழே விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் பந்தலே ஒரு மூச்சு விட்டு மறுபடி ஆரம்பித்தது, இந்த முறை ஒளிவுமறைவில்லாமல், விக்கி விக்கி, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு. "பாவம் அக்கா, எவ்வளவு இருந்திருக்கு பாருங்க உள்ளே," என்றான் கேஸ்காரன். ஹபீபா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள், அது அழுகையில்லை.

எமரன்சியா மகளைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிவந்தாள். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மரியசேவியர் அசையவில்லை. அவர் முகம் அதே இரும்பாகத்தான் இருந்தது, கண் மட்டும் தளும்பியிருந்தது, இன்னும் இமைக்காததால் விழாமல் நின்றது. அவர் எமரன்சியாவைப் பார்த்தார், அனுமதி கேட்கிற மாதிரி.

"சம்மந்தியம்மா, இது..."

"என்னோடதுதான்," என்றாள் எமரன்சியா. "தாராளமா விடுங்க. விட்டுட்டு வண்டியில ஏறுங்க, பூசைக்கு நேரமாச்சு."